பேச்சி சொன்ன வழியும் நின்ற இடமும்

எறும்புக்கு வாய் இருந்த காலம் அது. வாய் என்றால் கடிக்கிற வாய் இல்லை, பேசுகிற வாய். அந்தக் காலத்தில் காக்கை வழக்குப் பேசும், கோழி எதிர்வழக்குப் பேசும், ஓணான் வேலிமேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேருக்கும் தலையாட்டும். இத்தனை பேர் பேசிய உலகத்தில் யாருக்கு வாய் அதிகம் என்று கேட்டால் எல்லாரும் எறும்பைத்தான் கைகாட்டுவார்கள். உடம்பு கடுகளவு, பேச்சு படியளவு. இன்றைக்கு உங்கள் அடுக்களைச் சுவரில் சத்தமில்லாமல் ஊர்ந்து போகிறதே, அதே எறும்புதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அப்போது எறும்புகள் வரிசையாகப் போனதில்லை. வரிசை என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியாது. எவளாவது ஒருத்தி எங்காவது வெல்லத்தையோ செத்த வண்டையோ பார்த்துவிட்டு வருவாள். வந்து புற்று வாசலில் நின்று வழி சொல்லுவாள். அதற்குப் பெயர் பாடம். மற்றவர்கள் சுற்றி நின்று அந்தப் பாடத்தை மூன்று தடவை ஒப்பிக்க வேண்டும். நடுவில் ஒரு சொல் தடுக்கினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தடுக்காமல் ஒப்பித்தவள் போகலாம், அவரவர் பாட்டுக்குப் போய்க் கொண்டுவரலாம். கேள்வி மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் சொன்னவளை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

கற்றுக்கொடுப்பது என்றால் சொல்வது, கற்றுக்கொள்வது என்றால் ஒப்பிப்பது. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. சொல்லியாயிற்றா, கற்றுக்கொடுத்தாயிற்று. அப்புறம் ஒருத்தி வழி தவறினால் அது அவள் தலையெழுத்து. இப்போதும் அப்படி நினைக்கிற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் யாரையும் சொல்லவில்லை.

இப்படிப் பாடம் சொல்வதில் பேர்போனவள் ஒருத்தி இருந்தாள். பேர் பேச்சி. அவள் வாசலில் நின்று தொண்டையைச் செருமினால் உள்ளே முட்டைக்குக் காவல் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். அத்தனை அழகாகச் சொல்லுவாள். அது அவளுக்கும் தெரியும், அதுதான் கோளாறு. அவளுக்குச் சடைச்சி என்று ஒரு தங்கை. இரண்டு பேரும் ஒரே நாளில் பொரிந்தவர்கள், ஆனால் பேச்சி ஒரு மூச்சு முன்னால் பொரிந்துவிட்டாள். அந்த ஒரு மூச்சுக்காக சடைச்சி வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்கா சொன்னால் அதற்கு மறுபேச்சே கிடையாது அவளுக்கு.

இவர்கள் புற்று எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு குளத்துக்கு நட்டநடுவில். இரண்டு வருஷமாக மழை இல்லை. குளம் வறண்டு, தரை வெடித்து, ஆடு மாடு மேய்கிற பொட்டலாகக் கிடந்தது. இவர்களும் அது குளம் என்பதை மறந்து புற்று வைத்து, முட்டையிட்டு, மூவாயிரம் பேராகப் பெருகிவிட்டார்கள். இவர்களுக்கெல்லாம் தாய் ஒருத்தி, பெரியாத்தா என்று பேர். அவளால் வேகமாக நடக்க முடியாது. புற்றைவிட்டு அவள் வெளியே வந்தே வெகு காலம் ஆகியிருந்தது.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். விடியற்காலை ஒரு தவளை புற்றோரமாகத் தத்திப் போனது. முகமெல்லாம் பூரிப்பு. என்ன விசேஷம் என்று வாசலில் நின்றவர்கள் கேட்டார்கள். மேற்கே மலையில் நல்ல மழையாம், கால்வாயில் தண்ணீர் புறப்பட்டுவிட்டதாம், நாளைக்கு உச்சிப்பொழுதுக்குக் குளத்துக்கு வந்துவிடுமாம், பொழுது சாய்வதற்குள் குளம் பூராவும் தண்ணீராம். தவளைக்கு அது கல்யாணச் செய்தி. சொல்லிவிட்டு அது பாட்டுக்குப் போய்விட்டது. கேட்டவர்கள் உள்ளே ஓடிப் பெரியாத்தாவிடம் சொன்னார்கள்.

பெரியாத்தா உடனே பேச்சியைக் கூப்பிட்டாள். மேடான இடமாக ஒன்று பார்த்து வா, நாளைக்குள் குடி பெயர வேண்டும் என்றாள். பேச்சி போனாள். காலை வெயில் ஏறுகிற நேரம். கிழக்கே குளத்தின் கரை தெரிந்தது. வெயிலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் ஒரு கரிய மலை கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனாள். கொஞ்ச தூரத்தில் தரையில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு. கோட்டோடே நடந்து கரைமேல் ஏறினால், கோடு முடிகிற இடத்தில் ஒரு பட்டுப்போன வேலமரம். அதன் வேரடியில் நல்ல பொந்து. உள்ளே ஈரமில்லை, பாம்பில்லை, பல்லி இல்லை. மூவாயிரம் பேரும் கால் நீட்டிப் படுக்கலாம். பேச்சிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வந்த வழியே ஓடி வந்தாள்.

வாசலில் ஏறி நின்று தொண்டையைச் செருமினாள். பாடம் இதுதான்.

“வெயிலைப் பார்த்து நட. கரிய மலை வரும், வால் பக்கமாகச் சுற்று. தரையில் கறுப்புக் கோடு கிடக்கும், நுனியைப் பிடித்துக் கோட்டோடே போ. கோடு முடியும் இடத்தில் பொந்து.”

கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். எத்தனை சுருக்கம், எத்தனை தெளிவு. மலைக்கு ஏது வால் என்று ஒருத்தியாவது கேட்டாளா? கேட்கவில்லை. கேட்கக் கூடாதே.

முதலில் நாற்பது பேர் போவது என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொந்தைக் கூட்டிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். ஒருத்தி திரும்பி வந்து ‘சேர்ந்துவிட்டோம்’ என்று சொன்னால் மற்றவர்கள் புறப்படலாம். அந்த நாற்பது பேருக்கும் தலைவி சடைச்சி. ஆனால் புறப்படுவதற்கு முன் நாற்பது பேரும் மூன்று மூன்று தடவை ஒப்பிக்க வேண்டுமே. ஒருத்தி கோட்டை முன்னால் சொல்லி மலையைப் பின்னால் சொன்னாள். இன்னொருத்திக்கு நடுவில் தும்மல் வந்தது. எல்லாவற்றையும் பேச்சி முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தாள். கடைசி ஆள் ஒப்பித்து முடித்தபோது வெயில் உச்சி தாண்டி மேற்கே சாய்ந்திருந்தது. அதை ஒருத்தியும் கவனிக்கவில்லை. அவர்கள் கவனமெல்லாம் சொல்லில் இருந்தது.

புறப்படுகிற நேரத்தில் சடைச்சி மட்டும் முட்டையைத் தூக்காமல் நின்றாள். அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, ஒரே ஒரு தடவை நீயும் கூட வாயேன்.”

பேச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அத்தனை பேர் முன்னால், அதுவும் சொந்தத் தங்கச்சி.

“கூட வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கு நீ என்ன நேத்துப் பொரிஞ்சவளா? சொன்னதைச் சொன்னபடி செய், போ.”

சடைச்சி முட்டையைக் கவ்விக்கொண்டாள். முட்டையைக் கவ்வினால் எறும்பால் பேச முடியாது. நாற்பது பேரும் நாற்பது வெள்ளைப் புள்ளிகளாக வெயிலைப் பார்த்து நடந்தார்கள். பேச்சி உள்ளே போய்விட்டாள். வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியவில்லை.

பொழுது சாய்ந்தது. யாரும் திரும்பி வரவில்லை. சுத்தம் செய்ய நேரமாகிறது போலிருக்கிறது என்றாள் பேச்சி. இருட்டிய பிறகும் யாரும் வரவில்லை. எறும்புக்குத் தூக்கம் வராத இராத்திரி என்று ஒன்று உண்டானது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பேச்சி புறப்பட்டாள். வெயிலைப் பார்த்து நடந்தாள். பாதி வழி வந்தது, மலை வரவில்லை. இங்கேதானே கிடந்தது என்று அந்த இடத்தையே மூன்று தடவை சுற்றினாள். மிதிபட்ட புல்லும் கொஞ்சம் சாணியும் இருந்தன. மலையைக் காணோம். மேலே நடந்து, கோட்டைப் பிடித்து, பொந்துக்கே போய்ப் பார்த்தாள். பொந்து நேற்று இருந்தபடியே இருந்தது. உள்ளே ஒரு காலடிகூடப் படவில்லை.

கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்று நாம் சொல்வோம். பேச்சிக்கு ஆறு காலும் ஓடவில்லை. நாற்பது பேர், நாற்பது முட்டை, அதில் ஒருத்தி கூடப் பொரிந்த தங்கச்சி. உச்சிப்பொழுதுக்குத் தண்ணீர். எங்கே போய்த் தேடுவது? வந்த வழியே தடுமாறித் திரும்பி, பாதி வழிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். மேற்கேயிருந்து அந்தக் கரிய மலை அவளைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது.

நடந்து வந்த மலை, நேற்றுக் கிடந்த அதே இடத்துக்கு வந்து, நாலு காலையும் மடக்கிப் படுத்தது. வாலால் ஒரு ஈயை விரட்டியது. பேச்சி பயத்தை எல்லாம் மறந்து மலையின் மூக்குக்கு நேரே போய் நின்று கத்தினாள். மலை கண்ணைத் திறந்து, யாருடி அது, காலங்காத்தாலே, என்றது.

நீ மலை இல்லையா என்று கேட்டாள் பேச்சி. அது நிதானமாக அசைபோட்டுக்கொண்டே, நான் எருமைடி, காலையில் இங்கே படுப்பேன், மத்தியானம் வெயில் தாங்காமல் மேற்கே மண் வெட்டின பள்ளத்தில் போய்ப் படுப்பேன், நேற்று ராத்திரி பூரா அங்கேயே சுகமாகக் கிடந்துவிட்டேன் என்றது. எருமைகளுக்கு எதைச் சொல்வதிலும் அவசரம் கிடையாது. வாயில் முட்டையோடு நாற்பது பேரைப் பார்த்தாயா என்று கேட்டபோதும் அசைபோடுவதை நிறுத்தவில்லை.

“பார்த்தேனே. நேத்து சாயங்காலம் என் வால் பக்கமாச் சுத்திக்கிட்டுப் போனாங்க. எங்கேடி போறீங்கன்னு கேட்டேன், ஒருத்தியும் வாயைத் திறக்கலை.”

எருமை படுத்திருந்த இடத்துக்குப் பின்னால், பள்ளத்துக்குள்ளேயே ஒரு காய்ந்த ஆமணக்குச் செடி நிற்கிறதாம். சாயங்கால வெயிலில் அதன் நிழல் நீளமாக விழுமாம். அந்த நிழலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, நிழலோடே நடந்து, செடியின் தூரில் இருந்த ஓட்டைக்குள் நாற்பது பேரும் இறங்கினார்களாம்.

பேச்சிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சாயங்காலம் வெயில் மேற்கே. வெயிலைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறார்கள். கரிய மலை வந்திருக்கிறது, வால் பக்கமாகச் சுற்றியிருக்கிறார்கள். கறுப்புக் கோடு கிடந்திருக்கிறது, நுனியைப் பிடித்திருக்கிறார்கள். கோடு முடிந்த இடத்தில் பொந்தும் இருந்திருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் தப்பாகச் செய்யவில்லை. செய்திருந்தாலாவது பிழைத்திருப்பார்கள். கால்வாய்த் தண்ணீர் முதலில் வந்து விழுகிற இடம் அந்தப் பள்ளம்தான்.

எருமையின் குளம்படிகள் பள்ளத்திலிருந்து வரிசையாகப் பதிந்திருந்தன. பேச்சி அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு குளம்படியும் அவளுக்கு ஒரு பள்ளத்தாக்கு. இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள், ஏறினாள். புற்றைத் தாண்டிப் போகும்போது வாசலில் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். பேச்சி நின்று பதில் சொல்லாமல் போனது அவள் பிறவியிலேயே அதுதான் முதல் தடவை.

ஆமணக்குத் தூரில் எட்டிப் பார்த்தாள். நாற்பது பேரும் இருந்தார்கள். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. ஓட்டை அத்தனை சின்னதாக இருந்ததால் ஒருத்திமேல் ஒருத்தி ஏறி உட்கார்ந்து, முட்டைகளை மட்டும் மேலே உலர்ந்த இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஓட்டையை வாயால் தோண்டிப் பெரிசாக்கிக்கொண்டிருந்தாள் சடைச்சி. அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“இடம் பத்தலைக்கா. அதான் ராத்திரி பூரா தோண்டுறோம், திரும்பி வந்து சொல்ல முடியலை. நீ பார்த்த இடமாச்சே, தோண்டினா வரும்னு இவங்ககிட்டே சொல்லிட்டே இருக்கேன்.”

அதைக் கேட்டு பேச்சிக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இது இடமில்லை, நான் சொன்னது தப்பு, நான் சொன்ன மலை மலையே இல்லை என்று அழுதுகொண்டே சொன்னாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் சரியாகத்தானே ஒப்பித்தோம் என்றாள் ஒருத்தி. அந்த நேரம் மேற்கே கால்வாய்க்குள்ளிருந்து சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாகக் கேட்காத சத்தம்.

பழக்கம் எங்கே போகும். பேச்சி உடனே ஒரு மண்கட்டிமேல் ஏறி நின்று தொண்டையைச் செருமினாள். “வெயிலை...” என்று ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள்.

வெயில் நகர்ந்துகொண்டிருந்தது. ஆமணக்கின் நிழல் சாயங்காலத்தில் கிடந்த இடத்தில் இல்லை, சுருங்கி வேறு பக்கம் கிடந்தது. எருமை எந்த நேரமும் எழுந்து நடக்கலாம். குளம்படியைப் பிடித்துப் போங்கள் என்று சொல்லலாம், இன்னொரு மாடு வந்து குறுக்கே மிதித்தால்? எதைச் சொன்னாலும் அவள் சொல்லி முடிப்பதற்குள் அது இடம் மாறிவிடும் போலிருந்தது. நாற்பது பேரும் தலையைத் தூக்கி, ஒப்பிப்பதற்குத் தயாராக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சி மண்கட்டியிலிருந்து இறங்கினாள். அடுக்கி வைத்திருந்த முட்டைகளில் ஒன்றை எடுத்துத் தன் வாயில் கவ்விக்கொண்டாள். ஊரிலேயே பெரிய வாய் அன்றைக்கு அப்படி மூடியது.

நாற்பது முட்டையில் ஒன்றை அக்கா எடுத்துக்கொண்டதால் சடைச்சிக்குச் சுமை இல்லாமல் போயிற்று. அவள் அக்காவைப் பார்த்தாள். பேச்சி நாலடி நடந்தாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள். சடைச்சிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் கிட்டே போய்த் தன் மீசையால் அக்காவின் பின்காலைத் தொட்டாள். ‘வந்துவிட்டேன்’ என்று அதற்கு அர்த்தம். பேச்சி மறுபடி நாலடி நடந்தாள். நின்றாள். சடைச்சி தொட்டாள். சடைச்சிக்குப் பின்னால் முட்டையோடு ஒருத்தி வந்து அவள் காலைத் தொட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இப்படியே பள்ளத்துக்கு வெளியே ஒரு கறுப்பு நூல் நீண்டது. எறும்பு வரிசை என்று இந்த உலகத்தில் உண்டான முதல் வரிசை அதுதான்.

மெதுவாகத்தான் போக முடிந்தது. தனியாக ஓடினால் கால்வாசி நேரத்தில் போயிருப்பாள் பேச்சி. தொட்டால் நடப்பது, தொடாவிட்டால் நிற்பது. இடப் பக்கம் திரும்பு என்று ஒருத்தியும் சொல்லவில்லை, முன்னால் போகிறவள் திரும்பினாள், பின்னால் வருகிறவளும் திரும்பினாள். குளம்படியில் எந்தப் பக்கம் இறங்கினால் சறுக்காது, எந்த வெடிப்பில் கால் மாட்டும் என்பதெல்லாம் எந்தப் பாடத்திலும் வராத சங்கதிகள். அவையெல்லாம் நாற்பது பேருக்கும் அன்று காலில் ஏறிக்கொண்டன.

பள்ளத்தைத் தாண்டிப் பத்து குளம்படிகூட வந்திருக்க மாட்டார்கள். பின்னால் தண்ணீர் வந்து விழுந்தது. முதலில் நுரையும் சருகும், அப்புறம் செந்தண்ணீர். ஆமணக்குத் தூர் முழுகியது. பள்ளம் நிறைகிறவரைக்கும்தான் இவர்களுக்கு நேரம். அந்த நேரம் பார்த்து, பேச்சி நாலடி நடந்து நின்றபோது காலில் தொடுதல் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். சடைச்சி கொஞ்சம் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சடைச்சிக்கும் தொடுதல் வரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவளுக்கும் வரவில்லை. வரிசையின் வால் எங்கோ அறுந்திருக்கிறது, யாரோ ஒருத்தி எங்கோ மாட்டியிருக்கிறாள். யார், எங்கே என்று கேட்க முடியாது. எல்லார் வாயிலும் முட்டை. முட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தலாமா என்று பேச்சிக்குத் தோன்றியது. அந்தக் கத்தல்தானே எல்லாரையும் இங்கே கொண்டுவந்து விட்டது என்றும் தோன்றியது. ஒருத்திக்காக எல்லாரும் நிற்பதா, மற்றவர்களைக் காப்பாற்றிவிடலாமே என்றும் ஒரு நினைப்பு வந்தது. பொய் சொல்வானேன், வரத்தான் செய்தது. பள்ளம் விளிம்பு தட்டித் தண்ணீர் தரையில் வழிய ஆரம்பித்தது. குளிர்ந்த காற்று வந்து மீசையைத் தடவியது.

பேச்சி நின்றாள். ஒரு காலைக்கூட எடுத்து வைக்கவில்லை. அவள் நின்றதால் சடைச்சி நின்றாள். சடைச்சி நின்றதால் அத்தனை பேரும் நின்றார்கள்.

கடைசியாக வந்தவள் ஒரு வெடிப்புக்குள் விழுந்திருந்தாள். முட்டையை விட்டுவிட்டால் ஏறிவிடலாம், விட மனசில்லை. அவளுக்கு முன்னால் போனவள் தொடுதல் வரவில்லையே என்று திரும்பிப் போய், தன் முட்டையை ஓரமாக வைத்துவிட்டு, இவள் முட்டையை வாங்கி மேலே வைத்து, இவளையும் இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் முட்டைகளைக் கவ்விக்கொண்டு ஓடி வந்து, முன்னால் நின்றவளைத் தொட்டார்கள். அவள் தனக்கு முன்னால் நின்றவளைத் தொட்டாள். தொடுதல் ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்கு என்று முன்னால் ஓடி வந்தது. சடைச்சியின் மீசை பேச்சியின் பின்காலில் பட்டது. அப்பாடா என்று பேச்சி விட்ட மூச்சில் முட்டை நழுவியிருக்க வேண்டியது, எப்படியோ கெட்டியாகக் கவ்விக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. வறண்ட தரையின் வெடிப்புகள் தண்ணீரைக் குடித்துக் குடித்து அதைத் தாமதப்படுத்தின. புற்று வாசலில் மிச்சப் பேர் திரண்டு நின்று நூறு கேள்வி கேட்டார்கள். வந்தவர்கள் வாயில் முட்டை, பதில் இல்லை. முட்டை தூக்காத சடைச்சி மட்டும் உள்ளே ஓடிப் பெரியாத்தாவின் காலைத் தொட்டுவிட்டு நாலடி வெளியே வந்து நின்றாள். பெரியாத்தாவுக்கு விளங்கிவிட்டது. மூவாயிரம் பேரைப் பெற்றவளுக்கு இது விளங்காதா. அவள் மெல்ல அசைந்து வந்து சடைச்சியின் பின்காலைத் தொட்டாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு முட்டை, ஆளுக்கு ஒரு குஞ்சு என்று கவ்விக்கொண்டு வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டார்கள். புற்றிலிருந்து கரை வரைக்கும் கறுப்பாக ஒரே கோடு. யார் வந்து பார்த்தாலும் இடம் மாறாத கோடு.

பாதி வழியில் எருமை தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து வீட்டுக்குக் கிளம்பியது. வரிசை குறுக்கே போவதைப் பார்த்துத் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அலுத்துப்போய் ஒரு பெரிய எட்டாக வைத்துத் தாண்டிப் போய்விட்டது. எருமையிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பொழுது சாயும்போது கடைசி ஆளும் வேலமரத்துப் பொந்துக்குள் வந்துவிட்டாள். ஒருத்தி குறையவில்லை, ஒரு முட்டை உடையவில்லை. கீழே குளம் பளபளவென்று நிறைந்து கிடந்தது. தவளைகள் கல்யாணக் கச்சேரி வைத்துக்கொண்டிருந்தன. மூவாயிரம் பேரும் கால் நீட்டிப் படுத்தார்கள். நாள் பூராவும் முட்டையைக் கவ்வி எல்லாருக்கும் தாடை வலித்தது, பேச யாருக்கும் தோன்றவில்லை. அப்படிப் பேசாமல் இருப்பது ரொம்ப சுகமாக இருந்தது. பேச்சியும் சடைச்சியும் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சடைச்சிதான் கேட்டாள்.

“அக்கா, அங்கே தொடுதல் வரலையே, வராமலே இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“நின்னிருப்பேன்.”

“தண்ணி வந்திருந்தா?”

“நின்னுதான் இருப்பேன்டி.”

சடைச்சி தன் மீசையால் அக்காவின் முகத்தைத் தொட்டாள், அவ்வளவுதான். எறும்புகள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான் என்கிறார்கள். மறுநாளிலிருந்து எவளாவது வெல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தால் வாசலில் ஏறி நிற்பதில்லை. ஒருத்தியைத் தொட்டுவிட்டு, நாலடி நடந்து, திரும்பிப் பார்த்து நிற்பாள். பாடம் ஒப்பிக்கிற வழக்கம் போயிற்று. பேச வேண்டிய தேவை இல்லாமல் போனதும், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் போயிற்று. அதற்காக ஒரு எறும்பும் வருத்தப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்று முதல்தான் எறும்பு வாய் பேசாமல் வரிசையாகப் போகிறது, எதிரே வருகிறவளை ஒரு கணம் நின்று முகத்தைத் தொட்டு ‘வந்துவிட்டாயா’ என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறது.